நான்கு கதவுகளும் ஒரு சட்டையும்

அந்த ஆள் தன்னைக் காணவில்லை என்று சொல்லிக்கொண்டுதான் எங்கள் கடைக்குள் வந்தார்.

"அக்கா, முன்கதவுல நான் இல்லக்கா. பின்கதவுல மட்டும்தான் இருக்கேன்."

நான் தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காலை பத்து மணிக்கு இப்படிப் பேசுகிறவரிடம் உடனே முகம் கொடுத்தால் அன்றைக்கு வேலை நடந்த மாதிரிதான். ஓட்டிக்கொண்டிருந்த தையலை முடித்து, நூலை அறுத்து, கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு பார்த்தேன். போன வாரம் முன்கதவு இரண்டுக்கும் மெரூன் நிற ரெக்சின் போட்டுக்கொண்டு போனவர். பாட்டுக் குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசிக்கிறார். பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஒரு சத்தம் கூடவே போய்க்கொண்டிருக்குமே, அது இவருடைய கைவேலை. மனசுக்குள் அவருக்குத் தும்தும் என்றே பெயர் வைத்திருந்தேன்.

"கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க" என்றேன்.

"எங்க பாட்டைத்தான் வண்டியில போட்டுக் கேட்டேன். முன்னாடி சவுண்டு சார் போட்ட புது ஸ்பீக்கர்ல பாடறவன் கேக்கறான், டிரம்ஸ்காரன் கேக்கறான், நான் மட்டும் கேக்கல. பின்னாடி பழைய ஸ்பீக்கர்ல கும்முனு கேக்கறேன்."

பின் சீட்டில் இவர் எப்படி உட்கார்ந்தார் என்று கேட்டேன். வண்டியை ஓட்டுவது அவர் மனைவியாம். பக்கத்து சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு கிட்டார் உட்காருமாம். குடும்பத்தில் இவருக்கு மூன்றாம் இடம்தான் போலிருக்கிறது.

சவுண்டு சார் என்று அவர் சொன்னது என் வீட்டுக்காரரை. எங்களுடையது ஒரே ஷட்டருக்குள் இரண்டு கடை. இடது பக்கம் என்னுடையது. வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பேன், கதவின் உட்பக்கத்தை மூடியிருக்கும் டோர் பேடுக்குப் புதுத் துணியோ ரெக்சினோ போடுவேன். வலது பக்கம் அவருடையது. வயர், ஸ்பீக்கர், ஒரு பழைய ரேடியோ. நடுவில் யாராவது ஒருவருடைய வண்டி கதவுகளைத் திறந்துபோட்டுக்கொண்டு நிற்கும்.

கல்யாணத்துக்கு முன்னால் அவர் பெட்டி ஸ்பீக்கர்கள் ரிப்பேர் செய்யும் கடையில் இருந்தார். வண்டிக் கதவெல்லாம் என்னுடன் சேர்ந்த பிறகு பழகியதுதான். வந்த முதல் மாதத்திலேயே டோர் பேடைக் கழற்றுகிறேன் என்று பதினேழு கிளிப்பை உடைத்தார். எண்ணித்தான் சொல்கிறேன். பதினேழாவது உடைந்த அன்று, "இனிமே டோர் பேடைக் கழட்டறதும் மாட்டறதும் என் வேலை. நீங்க அதைத் தொடவே கூடாது" என்று சொல்லிவிட்டேன். இந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடத் தொடவில்லை. சொன்னால் சொன்னபடி நடக்கிற மனுஷன். சில சமயம் அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பேடைக் கழற்றியதும் கதவை அப்படியே அவர் கையில் கொடுத்துவிட மாட்டேன். உள்ளே தூசி இருக்கும், எறும்பு கூடு கட்டியிருக்கும், யாரோ தொலைத்த ஹேர்பின் கிடக்கும், கம்பெனியிலிருந்து ஒட்டி வந்த பாலித்தீன் தொங்கும், அதன் ஓரமெல்லாம் கறுப்புப் பசை. எல்லாவற்றையும் எடுத்து, பசையைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, கதவைப் பளிச்சென்று ஆக்கித்தான் கொடுப்பேன். பாலித்தீனைக் கண்டால் எனக்கு ஆகாது. வண்டி வாங்கி நாலு வருஷமாகியும் சீட்டின் மேலிருக்கும் பாலித்தீனைக் கழற்றாமல், அதிலேயே உட்கார்ந்து முதுகு வேர்த்துப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பொருளை வாங்கினால் தொட்டு அனுபவிக்க வேண்டாமா? ஆனால் பிய்த்ததை வீணாக்க மாட்டேன். கதவுக்குள் இருக்கிற தாள் நல்ல தடிமன். என் மெஷினுக்கு உறை அதுதான், ரெக்சின் சுருள்களுக்கு மூடி அதுதான், கூரையில் ஒழுகும் இடத்தில் மூன்று மடிப்பாகச் சொருகியிருப்பதும் அதுதான்.

அந்த வியாழக்கிழமை என் மேஜை ஓரத்தில் ஒரு வெளிர்நீலச் சட்டை கிடந்தது. கட்டடங்களுக்குக் கேமரா மாட்டும் ஒரு கம்பெனி அவருக்குக் கொடுத்தது. வருகிற திங்கட்கிழமை முதல் அங்கே வேலைக்குப் போகப் போகிறார். ஸ்பீக்கர் தொழிலை விட்டுவிடுவதாக முடிவு செய்துவிட்டார். சட்டையின் கை நீளமாக இருக்கிறது, சுருக்கிக் கொடு என்று திங்கட்கிழமையே கேட்டார். பத்து நிமிஷ வேலை. நேரமே கிடைக்கவில்லை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஏன் விடுகிறார் என்றால், ஆட்கள் அவரை அப்படிப் பேசிவிட்டார்கள். "சத்தம் இருக்கு சவுண்டு, ஆனா உடம்பு இல்ல" என்பார் ஒருவர். "வீட்ல சின்ன ரேடியோ இதைவிட நல்லா பாடுது" என்பார் இன்னொருவர். அவரும் என்னென்னவோ செய்து பார்த்தார். பெரிய ஸ்பீக்கர் வாங்கிப் போட்டார். கதவின் வெளித் தகட்டில் அதிர்வை அடக்கும் கனமான ஷீட் ஒட்டினார். ஸ்பீக்கரைச் சுற்றி ஃபோம் வளையம் வைத்தார். வயரைத் தடிமனாக்கினார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் மாறும், அந்த உடம்பு மட்டும் வராது. போன வருஷம் ஒரு ஸ்கூல் வேன் டிரைவர் வந்து, நாலு பேர் முன்னால், "கரப்பான்பூச்சி டப்பாவுக்குள்ள இருந்து பாடற மாதிரி இருக்குய்யா. உனக்குக் காது கேக்குமா, கேக்காதா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதுவரை என் வீட்டுக்காரர் வேலை செய்யும்போது வாய்க்குள்ளேயே ஏதாவது பாடிக்கொண்டிருப்பார். அன்றோடு அது நின்றுபோனது. அது நின்றதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

தும்தும்மின் குரல் கேட்டு அவர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பாட்டைப் போட்டு, சத்தத்தை முன்னுக்கும் பின்னுக்குமாக மாற்றி மாற்றிக் கேட்டார். நானும் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். எனக்குச் சங்கீத ஞானம் பூஜ்யம். எனக்கே தெரிந்தது. முன்னால் பாட்டு வெளுத்துப்போய்க் கிடந்தது. பின்னால் தள்ளினால் சீட்டுக்கு அடியிலிருந்து தும் தும் என்று ஏறி வந்தது.

"பின்னாடி இருக்கறது வண்டியோட வந்த கம்பெனி ஸ்பீக்கர்" என்றார். "காகிதக் கூம்பு, சுண்டுவிரல் கனத்துக்குக் காந்தம். முன்னாடி நான் போட்டது இதைப்போல நாலு மடங்கு. ஏன் இப்படி?"

அந்த 'ஏன்' எனக்குப் பிடித்துப்போனது. ரொம்ப நாளாக அவர் ஏன் என்றே கேட்கவில்லை. 'என் தப்புதான்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வண்டி இங்கேயே இருக்கட்டும்" என்றார் தும்தும். "சனிக்கிழமை மத்தியானம் வர்றேன். அன்னிக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போறேன். எங்க அம்மா என்ன சொல்றாங்க தெரியுமாக்கா? மேடையில எல்லாரும் வாசிக்கறாங்க, நீ சும்மா நிக்கறேங்கறாங்க. ஒரு தடவையாவது நான் அவங்க காதுல விழணும்."

பின்கதவுகளுக்கும் ரெக்சின் போட வேண்டியிருந்தது. போன வாரம் தீர்ந்துபோன அந்த நிறம் இன்னும் வந்து சேரவில்லை. வந்ததும் எப்படியும் கழற்ற வேண்டியதுதானே என்று இடது பின்கதவின் பேடைக் கழற்றி, வழக்கம்போல் சுத்தம் செய்து, "இந்தாங்க" என்று அவரிடம் விட்டேன். முன்கதவின் பேடையும் கழற்றிக் கொடுத்தேன்.

பின்கதவில் இருந்த பழைய ஸ்பீக்கரை எடுத்து முன்கதவில் வைத்தார். பாட்டைப் போட்டார். தும் தும் காணவில்லை. காலையில் பின்னால் கும்மென்று பாடிய அதே ஸ்பீக்கர், முன்னால் வந்ததும் மெலிந்துவிட்டது.

"அப்ப ஸ்பீக்கர்ல தப்பில்ல" என்றார். கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "கதவுலதான் இருக்கு. முன்கதவுக்கும் பின்கதவுக்கும் என்ன வித்தியாசம்?" டார்ச்சை எடுத்துக்கொண்டு இரண்டு கதவுக்குள்ளும் எட்டி எட்டிப் பார்த்தார். இரண்டும் ஒரே மாதிரி பளிச்சென்று இருந்தன. பிறகு புது ஸ்பீக்கரைப் பின்கதவில் மாட்டினார். பின்கதவு நல்ல கதவு, ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர், கடையே அதிரப்போகிறது என்று நான் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

அதுவும் மெலிந்துதான் வந்தது.

பழைய ஸ்பீக்கரைத் திரும்ப அதன் சொந்த இடத்திலேயே மாட்டினார். அதே கதவு, அதே ஓட்டை, அதே நாலு ஸ்குரூ, அதே வயர். பத்து மணிக்குப் பாடியது நாலு மணிக்குப் பாடவில்லை.

"வயரை மாத்திக் குடுத்துட்டீங்களோ என்னவோ" என்றேன். சும்மா இருந்திருக்கலாம். என் வாய் எப்போது சும்மா இருந்திருக்கிறது? அவர் ஒரு சின்ன பேட்டரியை வயரில் தொட்டு, கூம்பு வெளியே வருகிறதா உள்ளே போகிறதா என்று மூன்று தடவை பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

"எடுத்த இடத்துலதான் வச்சேன்" என்றார். "என் கை பட்டா செத்துடுது."

"கையில என்ன விஷமா தடவி வச்சிருக்கீங்க?"

"தெரியல." தன் கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "கேமராவுக்குச் சத்தம் கிடையாது. நல்லதுதான்."

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். அவர் அமைதியாகச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை கேமரா கம்பெனியில் கையெழுத்துப் போட்டு, அடையாள அட்டைக்குப் படம் எடுத்துக்கொள்ள வரச் சொல்லியிருந்தார்கள். அவர் கிளம்பிப் போனார். நானும் அந்த வண்டியும் தனியாக இருந்தோம். எனக்கு அந்த வண்டிமேல் பயங்கரக் கோபம். தொழில் பழகின மனுஷனை இப்படி ஆட்டிவைக்கிறதே என்று.

ஒரு கதவு மிச்சம் இருந்தது. வலது பின்கதவு. யாரும் இன்னும் அதைத் தொடவில்லை. தையலில் எங்காவது சுருக்கம் விழுந்தால் நான் மொத்தத்தையும் பிரிக்க மாட்டேன். ஒவ்வொரு தையலாகப் பிரித்து, எந்த இடத்தில் துணி நேராகிறது என்று பார்ப்பேன். எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதையே கதவுக்கும் செய்வது என்று முடிவு செய்தேன்.

தும்தும்மின் பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, சத்தத்தை அந்த ஒரு கதவுக்கு மட்டும் தள்ளினேன். நன்றாகவே பாடியது. கைப்பிடிக்குப் பின்னாலிருந்த ஸ்குரூ இரண்டையும் எடுத்தேன். தும் தும். ஓரத்தில் பட்டையைக் கொடுத்து ஏழு கிளிப்பையும் நெம்பினேன். தும் தும். பேடைத் தூக்கிச் சுவரில் சாய்த்தேன். சத்தம் கொஞ்சம் பச்சையாக ஆனது, ஆனால் தும்தும் அதே இடத்தில் இருந்தார். அப்போது எனக்கு அவர்மேல் நிஜமாகவே பாசம் வந்தது.

இதுவரை என் வேலையில் ஒன்றும் கெடவில்லை. அப்படியானால் என் வீட்டுக்காரர் கை வைக்கும்போதுதான் ஏதோ நடக்கிறது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே கதவின் மேல் உள்ளங்கையை வைத்தேன். பாலித்தீன் தாள் உள்ளேயிருந்து என் கையைத் தள்ளியது. ஒவ்வொரு தும்முக்கும் ஒரு தள்ளு. சின்னக் குழந்தையின் வயிற்றில் கை வைத்த மாதிரி இருந்தது.

வேடிக்கையாக இருக்கிறதே என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோதே என் கட்டைவிரல் நகம் தாளின் மூலைக்குப் போய்விட்டது. நான் அனுப்பவில்லை. ஆறு வருஷப் பழக்கம், அதுவாகப் போனது. பசை பிரிகிற சத்தத்தோடு ஒரு சாண் பிரிந்து வந்தது.

தும்தும் காணாமல் போனார்.

பாட்டில் அந்த இடம் முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்து, பிரிந்த தாளைக் கையால் ஒதுக்கினேன். அது திரும்பப் பசையில் ஒட்டிக்கொண்டது. தும்தும் வந்துவிட்டார். மறுபடி பிரித்தேன். போனார். ஒட்டினேன். வந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்பார்களே, அப்படி நின்றேன். கை மட்டும் பிரித்துப் பிரித்து ஒட்டிக்கொண்டிருந்தது.

தாளுக்குப் பின்னால் என் தலையே நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டை இருந்தது. கண்ணாடி ஏற்றுகிற மோட்டாரை மாட்டுவதற்காக விட்ட ஓட்டை. எல்லா வண்டியிலும் இருக்கும். அதைப் பற்றி என் வீட்டுக்காரர் சாப்பிடும்போதெல்லாம் புலம்புவார். "ஸ்பீக்கர் முன்பக்கம் காத்தைத் தள்ளும்போது பின்பக்கம் இழுக்கும். ரெண்டும் சந்திச்சா ஒண்ணை ஒண்ணு தின்னுடும். கனமான சத்தம்தான் முதல்ல போகும். அதுக்குத்தான் பெட்டி வேணும். வண்டிக் கம்பெனிக்காரன் கதவு முழுக்க ஓட்டையைப் போட்டு, இதையே பெட்டியா வச்சுக்கோங்கறான்" என்பார். நூறு தடவை கேட்டிருக்கிறேன், ரசத்தைக் கலக்கிக்கொண்டே.

கம்பெனிக்காரன் பெட்டியைக் கொடுத்துத்தான் அனுப்பியிருக்கிறான். நான்தான் அதன் பின்பக்கத்தைக் கிழித்து மெஷினுக்கு உறை போட்டிருக்கிறேன்.

கடையைச் சுற்றிப் பார்த்தேன். மெஷின் மேல் ஒன்று. ரெக்சின் சுருள்கள் மேல் எட்டோ ஒன்பதோ. கூரையில் மூன்று. அலமாரித் தட்டுகளில் விரித்திருப்பவை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய கதவு. ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு தடவை பேச்சு வாங்கியிருக்கிறார். அவர் கண் முன்னாலேயே இத்தனையும் கிடந்திருக்கின்றன. சுத்தம் செய்த கதவைத் தவிர வேறு கதவை அவர் பார்த்ததே இல்லை என்பதால், இவை எங்கிருந்து வந்தன என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரத்துக்கு எனக்கு வேறு ஒரு யோசனையும் வந்தது. அவர் வருவதற்குள் நாலு கதவிலும் தாளை ஒட்டி, பேடை மாட்டி, ஒன்றும் தெரியாத மாதிரி உட்கார்ந்துவிடலாம். கை ராசி திரும்பிவிட்டது என்று அவரே நினைத்துக்கொள்வார். அவரும் பிழைப்பார், என் மானமும் பிழைக்கும். யோசனை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மேஜை ஓரத்தில் அந்தச் சட்டை கிடந்தது. அவர் தன்னைத் தானே குற்றம் சொல்லிக்கொண்டிருந்த அத்தனை நாளும் நான் மூன்றடி தள்ளி மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தவள். இன்னொரு நாளும் அப்படி ஓட்ட என்னால் முடியாது என்று பட்டது.

மூன்று மணிக்கு வந்தார். கழுத்தில் புது அட்டை தொங்கியது. அதில் அவர் படம், திருடனைப் பிடித்து வைத்த மாதிரி.

"பின்னாடி ஏறி உட்காருங்க. கண்ணை மூடிக்கோங்க" என்றேன்.

"என்ன விளையாட்டு?"

"மூடுங்கன்னா மூடுங்க."

பாட்டைப் போட்டேன். தும் தும் கேட்டதும் அவர் முகம் மாறியது. மூலையைப் பிரித்தேன். முகம் விழுந்தது. ஒட்டினேன். கண்ணைத் திறந்துவிட்டார்.

"என்ன பண்ணினே?"

"இதைத்தான்" என்று மறுபடி பிரித்துக் காட்டினேன். "இதைத்தான் ஆறு வருஷமா பண்ணிட்டிருக்கேன்."

அவர் இறங்கி வந்து கதவின் முன்னால் உட்கார்ந்தார். தானே பிரித்தார், ஒட்டினார். பாதி பிரித்தார், கால்வாசி பிரித்தார். கையால் ஓட்டையை மூடிப் பார்த்தார். என்னை மறந்தே போய்விட்டார். இருபது தடவையாவது இருக்கும். நான் பக்கத்தில் நின்று, இப்போது கேட்பார், இப்போது கேட்பார் என்று காத்திருந்தேன்.

"எல்லாக் கதவுலயும் இது இருக்குமா?" என்றார் கடைசியில்.

"எல்லாக் கதவுலயும் இருந்துச்சு."

அவர் நிமிர்ந்து மெஷினைப் பார்த்தார். சுருள்களைப் பார்த்தார். பிறகு கூரையைப் பார்த்தார். புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை திட்டினால் தேவலை என்று எனக்கு இருந்தது.

"போன வருஷம் அந்த வேன்காரர் பேசிட்டுப் போனாரே" என்றார். "அடுத்த நாள் உன்கிட்ட வயர் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுக் காது டாக்டர்கிட்ட போனேன். கண்ணாடி ரூம்ல உட்கார வச்சு மெஷின் போட்டுப் பார்த்தாங்க. காது நல்லா இருக்குன்னாங்க. நம்ப முடியல. இன்னொரு டாக்டர்கிட்டயும் போனேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டேதான் பேசினேன். "மன்னிச்சிடுங்க."

"நீ வேணும்னா பண்ணினே?"

"வேணும்னு பண்ணல. கேக்காம பண்ணினேன். உங்களைத் தொடாதீங்கன்னேன். நான் எதைத் தொடறேன்னு ஒரு நாள்கூடப் பார்க்கல."

அவர் கொஞ்ச நேரம் அந்தத் தாளை விரலால் நீவிக்கொண்டிருந்தார். "நானாவது ஒரே ஒரு கதவை நானே திறந்து பார்த்திருக்கலாம்" என்றார். "பதினேழு கிளிப்புக்குப் பயந்துட்டேன்."

அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்தது. மூக்கைச் சிந்திக்கொண்டு போய் மெஷின் உறையை உருவினேன்.

அன்று பொழுது சாயும்வரை இரண்டு பேரும் கதவிலேயே உட்கார்ந்திருந்தோம். வெறும் தாள் போதாது என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பெரிய ஓட்டைகளுக்குக் கெட்டியான பிளாஸ்டிக் பலகையை அளந்து வெட்டி, அதன்மேல் தாளை ஒட்டலாம் என்றார். வெட்டும் வேலை எனக்குக் கை வந்த கலை. காகிதத்தில் அச்சு எடுத்து நாலு கதவுக்கும் வெட்டிக் கொடுத்தேன். "அடியில இருக்கற சின்ன ஓட்டையை மூடிடாதே. கண்ணாடி வழியா இறங்கற மழைத்தண்ணி அதுலதான் வெளிய போகணும்" என்றார். ஒரு பேடைக் காட்டி, "இதை நீங்களே மாட்டிக் கழட்டிப் பாருங்க" என்றேன். மாட்டினார். கழற்றும்போது டப்பென்று ஒரு கிளிப் உடைந்தது. நான் காதில் விழாத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நாலு கதவையும் மூடிப் பாட்டைப் போட்டபோது, மேஜைமேல் இருந்த குண்டூசி டப்பா தானாக நகர்ந்தது. அவர் சத்தத்தைக் குறைத்தார். குறைத்தும் அந்த உடம்பு போகவில்லை. "அதான்" என்றார்.

சனிக்கிழமை மத்தியானம் தும்தும் அம்மாவோடு வந்தார். பின்கதவுகளுக்கு ரெக்சின் வந்ததும் போட்டுத் தருகிறேன் என்றேன். அவர் அதையெல்லாம் கேட்கிற நிலையில் இல்லை. அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்துப் பாட்டைப் போட்டார். அந்த அம்மாள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் முகத்தோடு கேட்டார்.

"அடியில தும் தும்னு ஒண்ணு வருதே, அது யாரு?"

"நான்தாம்மா."

"பாட்டு முழுக்க வருதே."

"பாட்டு முழுக்க நான்தாம்மா வாசிக்கறேன்."

"பாவம், உனக்கு ஒரு நிமிஷம்கூட ஓய்வு குடுக்க மாட்டாங்களா?" என்றார் அந்த அம்மாள். தும்தும் எங்கள் பக்கம் திரும்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அவர்கள் போன பிறகு நான் வாடிக்கைக்காரர்களின் போன் நம்பர் எழுதி வைத்திருக்கும் நோட்டை எடுத்தேன். ஆறு வருஷம். எங்கே ஆரம்பிப்பது என்று எனக்குச் சந்தேகமே இல்லை. என் வீட்டுக்காரரை எதிரில் உட்கார வைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, ஸ்கூல் வேன் டிரைவரைக் கூப்பிட்டேன்.

"உங்க வேன் ஸ்பீக்கர் சரியா பாடலைன்னு போன வருஷம் சொன்னீங்கல்ல, அதைப் பத்திப் பேசறேன். ஸ்பீக்கர் போட்டவர் மேல தப்பில்ல. கதவுக்குள்ள இருந்த தாளைக் கிழிச்சது நான். கொண்டு வாங்க, சரி பண்ணித் தர்றோம்."

"அய்யோ, நான் உங்க வீட்டுக்காரரை அன்னிக்கு என்னென்னவோ பேசிட்டேனேம்மா" என்றார்.

"ஆமா, பேசினீங்க. நாலு பேர் முன்னாடி பேசினீங்க. வரும்போது அதையும் அவர்கிட்டயே சொல்லிடுங்க."

போனை வைத்தேன். அவர் எழுந்து என் மேஜைக்கு வந்து, ஓரத்தில் கிடந்த வெளிர்நீலச் சட்டையை எடுத்தார். கையை விரித்து நீளம் பார்த்தார். திங்கட்கிழமை கிடந்த மாதிரியே கிடந்தது, ஒரு ஊசிகூடக் குத்தவில்லை.

"அஞ்சு நாளா இது சுருங்கவே இல்லையே" என்றார்.

"நேரம் கிடைக்கல."

"நேத்து முழுக்க மெஷின் காலியாத்தானே இருந்துச்சு."

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சட்டையைச் சுருக்கமில்லாமல் மடித்து, ஆணியில் மாட்டியிருந்த அடையாள அட்டையையும் எடுத்து அதன்மேல் வைத்து, கம்பெனிக்காரர்கள் கொடுத்த கவருக்குள்ளேயே இரண்டையும் போட்டார். திங்கட்கிழமை காலையில் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். பிறகு என் எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

"அடுத்த நம்பரைப் போடு" என்றார்.